மாப்பிள்ளைக்கு நெருப்புக் கக்கத் தெரியாது

வெளியே மழை. ஆக்லாந்து மழைக்கு ஒரு குணம் உண்டு. பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாது. அந்தச் சனிக்கிழமைப் பின்னேரமும் அப்படித்தான் இருந்தது. பாபடோயிட்டோயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் யன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

நான் குசினியில் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன். முன்னறைக் கம்பளத்தில் மகள் நிரு சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். நாலு வயதுப் பிள்ளை. அவளுக்குப் பின்னால் சோபாவில் இவர், அதாவது என் கணவர் குமரேசன். டி.வி.யில் ஒரு ஜப்பான் படம். ரப்பர்த் தோல் போர்த்த பெரிய டைனோசர் ஒன்று அடி வாங்கி, ஒரு நகரத்தின் மேலேயே மல்லாந்து விழுந்து கிடந்தது.

திடீரென்று ஒரு சத்தம்.

"டேய் மாப்ள! எந்திரிடா! அவன் ஒரு தட்டுத் தட்டுனதுக்கே இப்படிப் படுத்துட்டியே! எந்திரிச்சு ஓங்கி ஒரு எத்து விடுடா!"

அகப்பையும் கையுமாக ஓடினேன். ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்போது தமிழுக்குத் தடை. சில மாதங்களாக ஒரு வார்த்தைகூடத் தமிழ் ஒலிக்காத வீட்டில், மதுரைத் தெருவில் நின்று கூப்பிடுகிற மாதிரி இவர் கத்திக்கொண்டிருக்கிறார்.

"இஞ்சாருங்கோ! உங்களுக்கென்ன விசரே? டொக்டர் சொன்னது மறந்துபோச்சே?" என்று நானும் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான், நானும் தமிழில்தான் கத்தினேன் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

இவர் நிதானமாகத் திரும்பினார்.

"பாப்பாகிட்டதானே தமிழ்ல பேசக் கூடாதுன்னாங்க? நான் பாப்பாகிட்டயா பேசுறேன்? மாப்ளகிட்டல்ல பேசுறேன்!"

அந்த நிமிடத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு டைனோசர் குடிவந்தது.

ஒரு கூரை, இரண்டு தமிழ்

இந்தத் தொடரை இடையில் வந்து பிடித்தவர்களுக்காக இரண்டு வரி. நான் யாழ்ப்பாணத்து வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். இவர் மதுரைக்காரர், விபூதி வைக்காமல் வெளியே போகாதவர். நான் சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்பதை மூன்று வாரம் இழுத்து எழுதி உங்களை ஏற்கெனவே சோதித்துவிட்டேன். மறுபடியும் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நியூசிலாந்துக்கு வந்தோம். இவருக்கு நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை, தினமும் ரயிலில் போய்வருவார். எனக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற பெரிய குசினி. ஒரே மாதிரியான தட்டில் ஒரே மாதிரியான கோழித்துண்டை வைத்து வைத்து, வீட்டில் கோழி சமைப்பதையே விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் தமிழும் இரண்டு. நான் கதைப்பேன், அவர் பேசுவார். கல்யாணமான புதிதில், "உங்களோட கொஞ்சம் கதைக்கவேணும்" என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னால், "என்ன கதை? ராஜா ராணி கதையா?" என்பார். வந்த கோபமெல்லாம் வீணாய்ப் போகும்.

எனக்கும் இவருடைய தமிழில் அடி விழுந்திருக்கிறது. ஒரு நாள் தொலைபேசியில் யாரையோ "மாப்ள, மாப்ள" என்று அழைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை என்றால் பெண் கேட்டு வருகிறவன், இல்லையென்றால் தாலி கட்டப்போகிறவன். "ஆருக்கு மாப்பிள்ளை பாக்கிறியள்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" என்று சண்டைக்குப் போய்விட்டேன். கூடப் படித்தவனை, கூட டீ குடித்தவனை, ஏன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனைக்கூட மதுரையில் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்களாம். எனக்கென்ன தெரியும்?

நிரு இரண்டையும் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தாள். "கெதியா வாங்கப்பா" என்பாள். அவருடைய சீக்கிரம் எனக்குக் கெதியா. "அழகா இருக்கு" என்பாள், அடுத்த மூச்சில் "வடிவா இருக்கு" என்பாள். வாய் ஓயாது. கழிவறைக்குள் இருந்துகொண்டும் வெளியே நிற்கிற என்னோடு கதை.

வீட்டில்தான் இதெல்லாம்.

கிண்டியில் வந்த சோதனை

இங்கே சின்னப் பிள்ளைகள் போகிற பள்ளிக்கு எல்லோரும் செல்லமாகச் சொல்கிற பெயர் கிண்டி. இவருக்குச் சிரிப்பு. சென்னையில் கிண்டி என்றால் இவர் தினமும் கூட்டத்தில் நசுங்கி ரயில் ஏறிய இடம். எனக்கோ கோழி மண்ணைக் கிண்டுகிறதுதான் நினைவுக்கு வரும். முற்றத்தில் பெரிய மணல் தொட்டி, அதற்குள் ஒரு கூட்டம் பிள்ளைகள் கிண்டிக்கொண்டிருந்தபடியால் பெயர் பொருத்தம்தான்.

அந்தக் கிண்டிக்குள் கால் வைத்ததும் நிருவின் வாய் மூடிக்கொண்டது. காலையில் விட்டால் மத்தியானம் கூட்டிவரும்வரை ஒரு சொல் கிடையாது. தாகம் என்றால் குழாய்க்குப் பக்கத்தில் போய் நிற்பாளாம். யாராவது பார்த்துத் தண்ணீர் கொடுத்தால் உண்டு.

அங்கே இருந்த டீச்சர் தங்கமான மனுஷி. தன் வீட்டு மரத்துப் பீஜோவாப் பழங்களைப் பையில் கட்டிக்கொண்டு வந்து எனக்குத் தருவார். கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கவலைப்பட்டு, பிள்ளைகளின் பேச்சைப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

டாக்டரம்மா நிருவுக்குப் படங்கள் காட்டினார். நிரு படங்களைப் பார்த்தாள், டாக்டரம்மாவைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. வீட்டில் என்ன மொழி என்று எங்களைக் கேட்டார். தமிழ் என்றோம். அதிலும் இரண்டு விதம் என்று இவர் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். அங்கேதான் பிடித்தது சனி.

பிள்ளைக்குக் குழப்பம், இன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் எல்லோரிடமும் இதைத்தான் சொன்னார்கள். நியூ லின்னில் எங்களுக்குத் தெரிந்த மலேசியத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதே வைத்தியம்தான். ஐந்து வயதானதும் இங்கே பிள்ளை பள்ளிக்கூடம் போயாகவேண்டும். அதற்குள் நிரு பேசாவிட்டால் வேறு ஏற்பாடு பார்க்கவேண்டிவரும் என்றும் சொன்னார். வேறு ஏற்பாடு என்ன என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஆங்கில ஆட்சி.

என் ஆங்கிலம் பாடப்புத்தகத்து ஆங்கிலம். பிள்ளைக்குச் சோறு தீத்தும்போதுகூடப் பரீட்சையில் கட்டுரை எழுதுகிற மாதிரி வரும். இவருடையது ஆபீஸ் ஆங்கிலம். பிள்ளை பொம்மையை உடைத்துவிட்டு அழுதால், எதிரே உட்கார்ந்து, "ஓகே நிரு, வாட் இஸ் த இஷ்யூ?" என்பார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்ப்பாள். எனக்கே பாவமாக இருக்கும்.

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். நெற்றியில் கையை வைத்தேன், கொதித்தது. வாய்வரைக்கும் வந்தது, "என்ர குஞ்சு, என்ர ராசாத்தி" என்று. அதற்கு ஆங்கிலம் தேடினேன். குஞ்சுக்கு என்ன சொல்வது? ராசாத்தியை என்னவென்று கூப்பிடுவது? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொஞ்சுவதற்குச் சொல்லே இல்லை. தலையைத் தடவிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்படியே போனதில் நடக்கக் கூடாதது நடந்தது. கிண்டியில் ஊமையாக இருந்த பிள்ளை வீட்டிலும் ஊமையானாள். முதலில் பதில்கள் குறைந்தன. பிறகு கேள்விகள் நின்றன. கடைசியில் தலையாட்டல் மட்டும்தான். என் பிள்ளையின் குரலே மறந்துவிடுமோ என்று நான் பயந்து செத்தேன். பஸ்ஸில் வேறு பிள்ளைகள் கீச்சிட்டுக் கத்தினால் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவேன். தாங்க முடியாது.

சந்தையில் எடுத்த மாப்பிள்ளை

இந்த நிலைமையில்தான் இவர் ஒரு காலைச் சந்தையில் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிறைய வீடியோ கேசட்டுகள். அட்டையில் ஒரு மகா பெரிய பூதம் வாயைப் பிளந்து நின்றது.

"டைனோசர் படம். பாப்பா பாத்துப் பாத்து இங்கிலீஷ் கத்துக்கும்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். அட்டையில் இருந்த எழுத்துகளைப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டேன். அதெல்லாம் அலங்காரம் என்றார்.

எங்கள் வீடியோ டெக், நாங்கள் இந்த நாட்டுக்கு வரும் வழியில் சிங்கப்பூரில் வாங்கியது. எந்த நாட்டுக் கேசட்டையும் மறுக்காமல் விழுங்கும். போட்டோம். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஜப்பானிய மொழி. கீழே எழுத்துகூட ஓடவில்லை. ஒரு யெஸ், ஒரு நோ கிடையாது!

அந்தச் சண்டையையும் ஆங்கிலத்திலேயே போட்டோம். சண்டை போட ஏற்ற மொழியே இல்லை அது. பாதியில் இலக்கணம் சரியா என்று யோசித்து நிற்கிற நேரத்தில் கோபம் ஆறிப்போகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இவர் பெட்டியைத் தூக்கியபோதுதான் கவனித்தோம். நிரு டி.வி.க்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். எழும்புகிற எண்ணமே அவளிடம் இல்லை.

கேசட்டுகள் தங்கிவிட்டன.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை. ஆனால் பூதங்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் நெருப்புக் கக்குகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அட்டைப்படம் அவருக்கு, கடைசிச் சண்டை அவருக்கு, படமே அவருக்கு. இன்னொன்று பறக்கும். வேறொன்று வலை பின்னும். இவர்கள் எல்லோருக்கும் நடுவில், எதுவுமே தெரியாத ஒரு டைனோசர் எல்லாப் படத்திலும் வந்து நிற்கும்.

அதற்கு நெருப்புக் கக்கத் தெரியாது. பறக்கவும் வராது. கனத்த கழுத்து, குட்டிக் கைகள், கொஞ்சம் சோம்பலான முழி. காட்டிலிருந்து தன் பாட்டுக்கு நடந்து வரும். யாராவது அடித்தால் விழும். விழுந்தால் நாலு கட்டடம் போகும். பிறகு எழும்பி, இரண்டு காலாலும் ஓங்கி ஒரு எத்து. அவ்வளவுதான் வித்தை. ஒரு படத்தில் தொடக்கத்திலேயே செத்தும் போகும். அடுத்த படத்தில் ஒன்றும் நடக்காதது போல, ஒரு விளக்கமும் இல்லாமல், கூட்டத்தில் பின்வரிசையில் வந்து நிற்கும். எனக்கு அதை அங்கேதான் பிடித்துப்போனது.

முழங்காலுக்குப் பின்னால் ரப்பர் மடிந்திருப்பது நன்றாகத் தெரியும். ஒரு சண்டையில் முதுகில் ஜிப்பே தெரிந்தது. "உள்ள ஒரு ஆளு இருக்கான்" என்று பிறகொரு நாள் இவர் எனக்குக் காட்டினார். "பாவம், அந்த ரப்பருக்குள்ள எப்படி வேர்த்து ஊத்தும்! எல்லாப் படத்துலயும் வர்றான், போஸ்டர்ல ஒரு மூலைகூட இல்ல. நம்ம ஆளு இவன்."

நம்ம ஆள் என்றால் மதுரைக்காரர் வேறு எப்படிக் கூப்பிடுவார்? மாப்ளதான்.

டி.வி.யோடு ஒரு குடித்தனம்

மறுபடி அந்த மழைநாளுக்கு வருகிறேன். அகப்பையிலிருந்து பருப்பு கம்பளத்தில் சொட்டுகிறது. வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் பார்த்தால் வைவார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இவர் சொன்ன சட்டப் பாயிண்டிலேயே நிற்கிறேன். பிள்ளையோடு பேசினால்தானே குற்றம்?

திரையில் மாப்பிள்ளை எழும்பியது. எத்து விழுந்தது. எதிரி போய் ஒரு பாலத்தின் மேல் விழுந்தான்.

"நல்லாக் குடுத்தாய் ராசா! இன்னொண்டு குடு!" என்று நான் கத்தினேன்.

எவ்வளவு காலத்துக்குப் பிறகு! நிரு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் டி.வி.யைப் பார்த்தாள். அவள் வாயோரத்தில் சிரிப்பு போல ஒன்று இருந்தது. பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தமிழ் முழுவதும் மாப்பிள்ளைக்குப் போனது.

"மாப்பிள்ளை, குப்பை வாளியை ரோட்டில வைக்கச் சொல்லி இவருக்குச் சொல்லு. நாறுது."

"மாப்ள, நேத்து வச்சது யாருன்னு உங்க அக்காகிட்ட கேளு."

"மாப்பிள்ளை, நேற்று வைச்சது போன கிழமைக் குப்பையாம் எண்டு சொல்லு."

டி.வி. நிறுத்தியிருந்தாலும் இது நடக்கும். வீட்டின் நடுவில் கறுத்துக் கிடக்கிற அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கதைப்போம். யாராவது யன்னலால் பார்த்திருந்தால் வேறு டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

சமையல் முடிந்ததும் நிருவிடம் ஆங்கிலத்தில் சாப்பிட வரச்சொல்லுவேன். அசையமாட்டாள். உடனே டி.வி. பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, சோறு ஆறுது, கெதியா வா குஞ்சு" என்பேன். அவள் எழும்பி வந்து மேசையில் உட்காருவாள். பாருங்கள், எப்படி வேலை செய்கிறது என்று நானும் இவரும் கண்ணாலேயே பேசிக்கொள்வோம். கொஞ்சல் எல்லாம் மாப்பிள்ளைக்கு, பாடமெல்லாம் பிள்ளைக்கு. எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. சிரித்துச் சிரித்து வயிறு நொந்திருக்கிறது.

சிரிக்காத நாளும் இருந்தது. அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தது. என் அம்மா வன்னிப் பக்கம் நடந்து போனதாகக் கேள்வி. அதற்கு மேல் செய்தி இல்லை. பிறகு அவவைக் கண்டுபிடித்த கதையை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. படத்தில் மாப்பிள்ளை வந்தால் சனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடுவார்கள். எனக்கு அதைப் பார்க்க முடியாமல் போனது. கேசட்டை நிறுத்திவிட்டு அந்தக் கறுத்த கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"மாப்பிள்ளை, அம்மாவுக்கு முழங்கால் நோ. அவ்வளவு தூரம் எப்பிடி நடப்பா? காட்டுக்குள்ள ஆர் தண்ணி குடுப்பினம்? எனக்கு விசர் பிடிக்குது" என்று என்னென்னவோ சொன்னேன். இவரிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை. நிரு பக்கத்தில் உட்கார்ந்து, கம்பளத்தின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

மாதங்கள் போயின. ஐந்தாவது பிறந்தநாள் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"உங்கள் மகள் ஜப்பானியம் பேசுகிறாள்"

ஒரு மத்தியானம் வேலை முடிந்து நேராகக் கிண்டிக்குப் போனேன். வாசல் கேற்றடியில் டீச்சர் எனக்காகவே காத்துநின்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போனேன்.

டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பேசுகிறாள்! காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். நிறுத்தவே இல்லை!"

அவர் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்றார் அடுத்து. "உங்கள் மகள் எவ்வளவு அழகாக ஜப்பானியம் பேசுகிறாள்!"

வீட்டில் ஜப்பான் படம் போடுகிறோம் என்று எப்போதோ நான் உளறியிருந்தேன். டீச்சர் அதையும் இதையும் கூட்டிப் பார்த்திருக்கிறார். அதோடு விட்டாரா? அங்கே படித்த ஒரு பையனின் தாய் ஜப்பான்காரி. அவரைக் கூப்பிட்டு, நிரு என்ன சொல்கிறாள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் குனிந்து கவனமாகக் கேட்டாராம். யாருடைய மனதையும் நோகடிக்காத மனுஷி. "எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப் பேசுவதில்லை. தெற்கே, ரொம்பத் தூரத்தில் ஒருவேளை பேசுவார்களாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

டீச்சர் என்னைக் கண்ணாடிக் கதவடிக்கு இழுத்துக்கொண்டு போனார். மணல் தொட்டிக்குள் நிரு. அவளுக்கு முன்னால் பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று குப்புற விழுந்து கிடந்தது. சுற்றிவரப் பிள்ளைகள்.

"டேய் மாப்ள, கெதியா எந்திரி. சோறு ஆறுது. அம்மா ஷிஃப்டுக்குப் போகணும். அப்பா ட்ரெயினை விட்டுட்டார், அவருக்குக் கோவம். எந்திரி சொல்றன்!"

தலை நிறையச் சுருள்முடி வைத்திருந்த ஒரு சமோவாப் பையன் கரண்டியால் மணலைத் தட்டி, "எந்திரி! எந்திரி!" என்றான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சின்னப்பெண் இடுப்பில் கையை வைத்து, "கெதியா!" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன்.

நிரு டைனோசரை நிமிர்த்தி வைத்தாள். அதன் காதடியில் குனிந்தாள்.

"மாப்ள, அம்மம்மா காட்டுக்குள்ள நடந்து போறா. அவவுக்குக் கால் நோகுது. நீ போய்த் தூக்கிக்கொண்டு வா. நசுக்கிப் போடாத, என்ன?"

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

டீச்சர் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"இது ஜப்பானியம் இல்லை. தமிழ்" என்றேன். களவு பிடிபட்டவள் போல இருந்தது எனக்கு. "எங்கள் மொழி. ஆனால் டாக்டர் சொன்னபடிதான் நடந்தோம். பிள்ளையோடு நாங்கள் தமிழில் பேசவில்லை. டி.வி.யோடு மட்டும்தான் பேசினோம்."

என் பாடப்புத்தக ஆங்கிலத்தில் அதைச் சொல்லக் கேட்டபோதுதான், எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே கேட்டது.

டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"டாக்டரோடு நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். "இன்றைக்கு இங்கே கேட்ட சத்தத்தை நிறுத்தச் சொல்லி யாரும் எனக்குச் சொல்ல முடியாது."

டெய்ரிக்குப் போகிற வழி

நிருவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மழை விட்டிருந்தது. புல்லோரம் எல்லாம் சதசதவென்று கிடந்தது. அவள் பழையபடி வாயை மூடிக்கொண்டு என்னோடு வந்தாள்.

இது என்ன கூத்து, பெற்ற பிள்ளையோடு ஒரு சொல் கதைக்க இவ்வளவு பயமா? அந்தத் தெருவில் டி.வி. இல்லை. டைனோசர் இல்லை. நானும் அவளும்தான். முதல் சந்தியில் கதைக்க நினைத்தேன், முடியவில்லை. அதற்கடுத்த சந்தியில் டெய்ரியின், அதாவது மூலைக்கடையின், ஐஸ்கிரீம் பலகை தெரிந்தபோது வாயைத் திறந்தேன்.

"பசிக்குதே குஞ்சு? ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டே?"

நிரு நின்றுவிட்டாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தெருவின் அந்தக் கடைசித் தொங்கல்வரைக்கும் பார்த்தாள். யாரையோ தேடுகிறாள் என்று விளங்கியது. யாரை என்று விளங்கவில்லை.

"அம்மா, மாப்ள கிண்டியில நிக்குது. இஞ்ச வரேல்லை" என்றாள் மெதுவாக. நான் ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டேன் என்று எனக்குச் சொல்லித் தருகிற குரல்.

"தெரியும் ராசாத்தி."

அவள் தன் நெஞ்சில் ஒரு விரலை வைத்தாள்.

"அப்ப, என்னோடயா கதைக்கிறீங்க?"

அந்த ஈரப் புல்லில் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டேன். இத்தனை மாதமும் அந்தக் குஞ்சும் ராசாவும் தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டு, அதில் ஒரு சொல்லைக்கூட விடாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள் என் பிள்ளை. அவளைக் கட்டிப்பிடித்தேன்.

"ஓம் குஞ்சு, உன்னோடதான்" என்றேன்.

இன்னொருக்கால் சொல்லச் சொன்னாள்.